ஏ வகைக்கு 99, சி வகைக்கு 90 என்று வைத்த பிறகும் ஏன் பொருள் கிடைப்பதில்லை?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஸ்டோர்ஸில் சுமார் 3200 ஐட்டங்கள், எல்லாம் இயந்திர உதிரிபாகங்களும் பராமரிப்புப் பொருள்களும். ஆண்டு நுகர்வு மதிப்பை வைத்து எக்ஸெலில் வரிசைப்படுத்தி 400 ஐட்டங்களை ஏ, 800 ஐட்டங்களை பி, மீதி 2000 ஐட்டங்களை சி என்று பிரித்திருக்கிறீர்கள். ஏ வகைக்கு 99 சதவீத சர்வீஸ் லெவல் (நூறு ஆர்டர் சுழற்சிகளில் எத்தனையில் இருப்பு தீராமல் இருக்க வேண்டும் என்ற இலக்கு), பி வகைக்கு 95, சி வகைக்கு 90 என்று வைத்து, அதற்கேற்ப சேஃப்டி ஸ்டாக், அதாவது எதிர்பாராத ஏற்ற இறக்கத்துக்காகக் கூடுதலாக வைக்கும் இருப்பைக் கணக்கிட்டு ஒரு வருடம் ஓட்டியும் பார்த்துவிட்டீர்கள். ஸ்டாக்கில் முடங்கிய பணம் கூடியதுதான் மிச்சம். "பொருள் இல்லை" என்ற புகார் குறையவே இல்லை. இந்த ஏபிசி பிரிப்போடு, தேவையின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் பிரிக்கும் எக்ஸ்ஒய்இசட், முக்கியத்துவத்தை வைத்துப் பிரிக்கும் விஇடி, நகரும் வேகத்தை வைத்துப் பிரிக்கும் எஃப்எஸ்என் எல்லாவற்றையும் சேர்த்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்தால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

இன்னும் எத்தனை எழுத்துகளைச் சேர்ப்பது என்பது இதில் இரண்டாவது கேள்வி. எந்தப் பொருள் எவ்வளவு தவறாமல் கையில் இருக்க வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இருபது வருடத்துக்கு மேல் ஸ்டோர்ஸிலும் மெட்டீரியல் பிளானிங்கிலும் இருந்தவன் நான். நீங்கள் செய்ததை அப்படியே நானும் செய்திருக்கிறேன், அதே முடிவையும் பார்த்திருக்கிறேன். அதனால் எது உறுதியாகத் தெரிந்தது, எது என் கணிப்பு என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் எண்களையே பாருங்கள். சி வகையில் 2000 ஐட்டம். ஒவ்வொன்றும் வருடத்துக்கு இரண்டு முறை ஆர்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதம் என்றால், பத்து ஆர்டர் சுழற்சிகளில் ஒன்றில் சரக்கு வருவதற்குள் இருப்பு தீர்ந்துவிடும் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். 2000 × 2 × 0.10 = 400. வருடத்துக்கு 400 முறை, அதாவது தினமும் ஒன்றுக்கு மேல், சி வகையிலிருந்து மட்டுமே "இல்லை" என்ற பதில் போகும். உங்கள் கணக்கு தவறியதால் வந்த புகார்கள் அல்ல இவை. கணக்கு சொன்னபடியே நடந்திருக்கிறது.

அதோடு, பராமரிப்பு வேலைக்கு ஒரு பாகம் மட்டும் போதாது. ஒரு வேலைக்குப் பத்து வெவ்வேறு பாகங்கள் தேவை, ஒவ்வொன்றும் 95 சதவீதம் கையில் இருக்கும், ஒன்றின் இருப்புக்கும் இன்னொன்றின் இருப்புக்கும் தொடர்பில்லை என்று வைத்தால், பத்தும் சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 60 சதவீதம்தான். ஒவ்வொன்றும் 90 என்றால் 35 சதவீதம். 99 என்றால் 90 சதவீதம். ஃபிட்டரைப் பொறுத்தவரை ஒன்பது பாகம் வந்து ஒன்று வராவிட்டால் வேலை முடியாது. அந்த வராத ஒன்று பெரும்பாலும் விலை குறைந்த சி வகைப் பொருளாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதைத்தான் நாம் கீழே தள்ளி வைத்திருக்கிறோம்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு இரவு ஷிஃப்டில் பம்ப் ஒன்றின் ஆயில் சீல் போய்விட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் கருப்பு ரப்பர் வளையம், உள்விளிம்பில் மெல்லிய ஸ்பிரிங் ஓடும். டிராயரை இழுத்தால் காலி. டிராயரோடு இருக்கும் இருப்புச் சீட்டான பின் கார்டின் கடைசி வரியில் இருப்பு பூஜ்யம். அதற்கு மூன்று வரி மேலே யாரோ பென்சிலில் "ஆர்டர் போடணும்" என்று எழுதியிருந்தார்கள். ஃபிட்டர் பழைய சீலையே துடைத்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டி இறுக்கி, மறுபடி போட்டுப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ஷாஃப்ட் ஓரமாக எண்ணெய் கசிய ஆரம்பித்தது. காலை வரை பம்ப் நின்றது, அதன் பின்னால் இருந்த லைனும் நின்றது. அதே அறையில் எதிர் அலமாரியில் அந்தப் பம்புக்கான மோட்டார்கள் பாலிதீன் சுற்றியபடி உட்கார்ந்திருந்தன. என் பட்டியலில் மோட்டார் ஏ வகை, 99 சதவீதம். சீல் சி வகை, 90 சதவீதம். அந்தப் பட்டியலைத் தயாரித்தது நான்தான். அன்று காலையில்தான் ஏபிசியை வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்தேன்.

ஏபிசி எதற்காக வந்தது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். ஒரு சிலரிடமே பெரும்பகுதிச் செல்வம் குவிந்திருப்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்ஃப்ரெடோ பரேட்டோ எழுதினார். அதே சாயல் சரக்கு இருப்பிலும் இருப்பதைக் காட்டி, 1951-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபோர்டு டிக்கி ஏபிசி முறையை எழுதினார். பணம் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே கவனத்தைக் குவி என்பதுதான் அதன் சாரம். கணினி இல்லாத காலம். எல்லாப் பொருளையும் ஒரே அக்கறையோடு பார்க்க ஆள் போதாது. எதை வாராவாரம் எண்ணுவது, எதற்கு விலை பேச உட்காருவது, எதைச் சிறுகச் சிறுக அடிக்கடி வாங்குவது என்ற கேள்விகளுக்கு ஆண்டு மதிப்பு நல்ல பதில் தருகிறது.

அடிக்கடி வாங்குவது பற்றி மட்டும் இது அனுபவ விதியாக இல்லாமல் கணக்காகவே நிற்கிறது. 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் தந்த சிக்கன ஆர்டர் அளவுச் சூத்திரத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், வருடத்துக்கு எத்தனை முறை ஆர்டர் போடுவது என்பது ஆண்டு மதிப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று வரும். ஆர்டர் போடும் செலவும் வைத்திருக்கும் செலவின் விகிதமும் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்களில், ஒன்றின் ஆண்டு மதிப்பு மற்றதைப் போல நான்கு மடங்கு என்றால் அதை இரண்டு மடங்கு அடிக்கடி வாங்க வேண்டும். ஆக, வாங்கும் இடைவெளியை முடிவு செய்ய ஏபிசி மிகச் சரியான கருவி. சர்வீஸ் லெவலை முடிவு செய்ய அப்படி எந்தக் கணக்கும் அதன் பின்னால் இல்லை. பாடப்புத்தகங்களே இதில் ஒத்துப்போவதில்லை: ஏ வகைக்குத்தான் உயர்ந்த சர்வீஸ் லெவல் என்று சில சொல்லும், சி வகைக்குத்தான் உயர்வாக வை, மலிவான பொருளுக்காகத் தொந்தரவு எதற்கு என்று வேறு சில சொல்லும். ஒரே பட்டியலிலிருந்து நேர் எதிரான இரண்டு அறிவுரைகள் வருகிறதென்றால், அந்தப் பட்டியலில் அதற்கான விடை இல்லை என்றுதானே அர்த்தம்?

சரி, எதில் இருக்கிறது விடை? இதை நீங்களே யோசித்து எடுக்கலாம். ஒரு பொருளின் ரீஆர்டர் லெவலை, அதாவது இருப்பு எவ்வளவுக்கு இறங்கினால் அடுத்த ஆர்டர் போடுவது என்ற அளவை, ஒன்று கூட்டுகிறீர்கள். அந்த ஒன்று ஏறக்குறைய வருடம் முழுக்க அலமாரியில் கிடக்கும். அதை வைத்திருக்கும் ஆண்டுச் செலவு உங்கள் தலையில். பதிலுக்கு என்ன கிடைக்கிறது? ஒவ்வொரு ஆர்டர் சுழற்சியிலும், சரக்கு வருவதற்குள் தீர்ந்துபோகிற வாய்ப்பு இருக்கிறதே, அப்படித் தீரும்போது ஒருவருடைய தேவையை இந்த ஒன்று தீர்த்து வைக்கும். வருடத்துக்கு எத்தனை சுழற்சி என்பது ஆண்டுத் தேவையை ஆர்டர் அளவால் வகுத்தால் வரும். செலவும் பலனும் சமமாகும் இடத்தில் நிறுத்துவதுதான் சரி. அங்கே தீர்ந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்றால்: வைத்திருக்கும் செலவு × ஆர்டர் அளவு, அதை பற்றாக்குறைச் செலவு (ஒன்று குறைந்தால் வரும் நஷ்டம்) × ஆண்டுத் தேவையால் வகுத்தது. இதைத் தலைகீழாக்குங்கள். பற்றாக்குறைச் செலவையும் ஆண்டுத் தேவையையும் பெருக்கி, வைத்திருக்கும் செலவும் ஆர்டர் அளவும் பெருக்கியதால் வகுத்தால் வரும் எண் பெரியதாக இருக்கும் பொருளுக்கு உயர்ந்த சர்வீஸ் லெவல், சிறியதாக இருக்கும் பொருளுக்குக் குறைந்த சர்வீஸ் லெவல். 2010-ல் டியூன்டர், பாபாய், சின்டெடோஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்த விகிதத்தையே ஏபிசி பிரிப்பதற்கான அளவுகோலாக முன்வைத்தார்கள். ஆண்டு மதிப்பை வைத்துப் பிரிப்பதைவிட இது சிக்கனமாக வருகிறது என்றும் காட்டினார்கள். எனக்கு அந்தக் கட்டுரை பின்னால்தான் கைக்கு வந்தது. சீல் விஷயத்தில் நான் தட்டுத் தடுமாறிப் புரிந்துகொண்டதை அவர்கள் ஒரே வரிச் சூத்திரமாக எழுதியிருந்தார்கள்.

இதில் பொருளின் விலை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். வைத்திருக்கும் செலவு என்பது பெரும்பாலும் விலையின் ஒரு பங்கு. அது வகுக்கும் இடத்தில், கீழே இருக்கிறது. ஆண்டு மதிப்பிலோ விலை மேலே, பெருக்கும் இடத்தில் இருக்கிறது. மற்றவை சமமாக இருக்கையில் விலை கூடினால் சர்வீஸ் லெவல் குறைய வேண்டும்; நாம் செய்தது நேர் எதிர்.

எண்களில் பார்த்துவிடுவோம். விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. மோட்டார்: விலை 10,000, ஆண்டுத் தேவை 60, ஒரு ஆர்டருக்கு 5. சீல்: விலை 20, ஆண்டுத் தேவை 3000, ஒரு ஆர்டருக்கு 500. வைத்திருக்கும் செலவு இரண்டுக்குமே விலையில் 20 சதவீதம், அதாவது மோட்டாருக்கு 2000, சீலுக்கு 4. எதுவாக இருந்தாலும் ஒன்று குறைந்தால் நஷ்டம் 1000 என்று முதலில் வைப்போம். மோட்டாருக்கு 60,000-ஐ 10,000-ஆல் வகுத்தால் 6. ஆறில் ஒரு சுழற்சியில் தீர்ந்தால் பரவாயில்லை, அதாவது சர்வீஸ் லெவல் 83 சதவீதம் போதும். சீலுக்கு 30 லட்சத்தை 2000-ஆல் வகுத்தால் 1500, அதாவது 99.9 சதவீதத்துக்கும் மேல். மோட்டார் இல்லாவிட்டால் நஷ்டம் பத்து மடங்கு என்று மாற்றினால், அதன் விகிதம் 60 ஆகி, சர்வீஸ் லெவல் 98 சதவீதத்தைத் தொடுகிறது. மோட்டாரை அலட்சியம் செய் என்று நான் சொல்ல வரவில்லை என்பது இதிலேயே தெரியும். பற்றாக்குறையின் வலி பெரிதாக இருந்தால் விலை உயர்ந்த பொருளும் மேலே வந்துவிடும். ஆனால் அது வலியால் வர வேண்டும், விலையால் வரக் கூடாது.

சேஃப்டி ஸ்டாக்கில் இது எவ்வளவு பணம் என்று பார்த்தால் இன்னும் உறைக்கும். லீட் டைமில், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும் வரையிலான காலத்தில், தேவையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) மோட்டாருக்கு 4, சீலுக்கு 100 என்று வைப்போம். இதை ஓர் எண்ணால் பெருக்கினால் வருவதுதான் சேஃப்டி ஸ்டாக். தேவை சராசரியின் இருபுறமும் மணி வடிவில் சிதறுகிறது என்று கொள்ளும் இயல்நிலைப் பரவலில் 90 சதவீதத்துக்குப் பெருக்கும் எண் 1.28, 95-க்கு 1.645, 99-க்கு 2.33, 99.9-க்கு 3.09. மோட்டாரை 95-லிருந்து 99-க்கு உயர்த்தக் கிட்டத்தட்ட 2.7 மோட்டார் கூடுதலாகத் தேவை. 27,000-க்கு மேல் முடங்குகிறது. சீலை 90-லிருந்து 99.9-க்கு உயர்த்த 181 சீல் தேவை. முடங்குவது 3600 சொச்சம். டிராயரில் இடம்கூட அதிகம் வேண்டாம். ஒரே ஒரு மோட்டாரை 99-லிருந்து 95-க்கு இறக்கினால், ஏழு சீல் ஐட்டங்களை அநேகமாக எப்போதுமே தீராத நிலைக்குக் கொண்டுபோகலாம். உங்கள் 400 ஏ ஐட்டங்களில் பணம் கூடியதும், 2000 சி ஐட்டங்களில் புகார் குறையாததும் இப்படித்தான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். சர்வீஸ் லெவல் என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒரு சுழற்சியில் இருப்பு தீராமல் இருக்கும் வாய்ப்பு ஒன்று. மேலே நான் பேசியதெல்லாம் அதுதான். கேட்ட பொருளில் எத்தனை பங்கு உடனே கையிலிருந்து கொடுக்கப்பட்டது என்பது இன்னொன்று, ஃபில் ரேட் என்பார்கள். அதே எண்களில் இரண்டையும் 90 சதவீத சுழற்சி நிலையில் வைத்தால், சீலின் ஃபில் ரேட் சுமார் 99 சதவீதம், மோட்டாருடையது சுமார் 96. ஒரு முறைக்கு 500 வாங்கும் பொருளில், கடைசியில் ஒருசில குறைவது மொத்தத்தில் சிறு பங்குதான். உங்கள் மேலாளர் ஃபில் ரேட்டை நினைத்துக்கொண்டு 95 கேட்க, நீங்கள் சுழற்சி நிலைக்கான 1.645-ஐப் போட்டால், தேவையில்லாமல் ஸ்டாக் ஏறும். யார் எந்த 95-ஐக் கேட்கிறார் என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த எழுத்துக் கூட்டங்களுக்கு வருவோம். ஏபிசி, விஇடி, எக்ஸ்ஒய்இசட், எஃப்எஸ்என், விலையை மட்டும் பார்க்கும் எச்எம்எல் எல்லாமே மேலே சொன்ன கணக்கின் உறுப்புகளைத் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு நிற்பவைதான். உயிர்நாடி, அவசியம், இருந்தால் நல்லது என்று பிரிக்கும் விஇடி பற்றாக்குறைச் செலவின் முரட்டு அளவு. எச்எம்எல் வைத்திருக்கும் செலவைச் சொல்கிறது. எஃப்எஸ்என் தேவையின் வேகத்தைச் சொல்கிறது. நீங்கள் கேட்ட நாலு பிரிப்புகளை மட்டும் பெருக்கினாலே 81 பெட்டி வரும்; 81 கொள்கைகளை நினைவில் வைத்து நடத்தும் ஸ்டோர்ஸை நான் பார்த்ததில்லை. ஒன்பது பெட்டியே பலருக்கு மூச்சு முட்டும். ஒரே விகிதத்தில் எல்லாவற்றையும் போட்டு ஒரே வரிசையாக அடுக்கிவிட்டால் இந்தப் பெட்டிகள் தேவைப்படாது.

எக்ஸ்ஒய்இசட் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 0.5 வரை எக்ஸ், 1 வரை ஒய், அதற்கு மேல் இசட் என்று பலர் பிரிக்கிறார்கள். அந்த எல்லைகள் வழக்கம்தான், விதி கிடையாது. தேவை ஏறி இறங்குகிற பொருள் என்பதால் அதற்கு சர்வீஸ் லெவலைக் கூட்டுவது ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணுவது, ஏனென்றால் சேஃப்டி ஸ்டாக் சூத்திரத்தில் திட்ட விலக்கம் ஏற்கெனவே இருக்கிறது. எக்ஸ்ஒய்இசட் உதவுவது வேறு இடத்தில்: எந்தப் பொருளுக்கு இந்த இயல்நிலைப் பரவல் கணக்கு பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பிரிப்பதில்.

உதிரிபாகங்களில் பாதிக்கு மேல் அது பொருந்தாது என்பது என் அனுபவம். நாலு மாதம் ஒன்றும் போகாது, ஐந்தாம் மாதம் மூன்று போகும். இப்படி விட்டுவிட்டு வரும் தேவைக்காகவே 1972-ல் குரோஸ்டன் என்பவர் ஒரு முறையைக் கொடுத்தார்: எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் எவ்வளவு இடைவெளியில் கேட்கிறார்கள் என்பதையும் தனித்தனியாகக் கணிப்பது. உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், மெதுவாக நகரும் ஐட்டங்களுக்கு, அரிதாக வரும் தேவைகளின் எண்ணிக்கைக்கான பாய்சான் பரவலை எக்ஸெலிலேயே போடலாம். லீட் டைமில் சராசரித் தேவை 2 என்றால், நாலு இருந்தால் 94.7 சதவீதம், ஐந்து இருந்தால் 98.3. நடுவில் எதுவும் கிடையாது, அரை பேரிங்கை யாரும் வாங்க முடியாது. சராசரி 0.2 என்றால், கையில் ஒன்று இருந்தாலே அந்தக் காலத்துக்குள் இன்னொன்று கேட்கப்படும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மாதிரிப் பொருளுக்குச் சதவீதம் பேசுவதே வீண். ஒன்று வைப்பதா, வேண்டாமா என்பது மட்டும்தான் கேள்வி. உங்கள் 2000 சி ஐட்டங்களில் இந்த ரகத்தை முதலில் தனியாக எடுத்து வையுங்கள்.

இதுவரை சொன்னதில் கணக்குப் பகுதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருப்பது பற்றாக்குறைச் செலவில். ஒரு சீல் இல்லாவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்பதற்கு யாரிடமும் துல்லியமான எண் கிடையாது, கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். பராமரிப்புப் பிரிவிடம் எது முக்கியம் என்று கேட்டால் எல்லாமே முக்கியம் என்றுதான் வரும். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். எனக்கு ஓரளவு பலன் தந்த வழி, கேள்வியை மாற்றிக் கேட்டது: "இது இன்று இல்லை என்றால், நாளை காலைக்குள் எது நிற்கும்? மாற்று உண்டா? வேறு வழியில் ஒப்பேற்ற முடியுமா?" லைன் நிற்கும், மாற்று இல்லை என்றால் 25, வேலை தாமதமாகும், ஆனால் ஓடும் என்றால் 5, காத்திருக்கலாம் என்றால் 1. அந்த 25, 5, 1 என் கையால் வைத்த எண்கள், ஆராய்ச்சி முடிவு எதுவும் கிடையாது. ஆனால் வரிசைப்படுத்த உண்மையான பணம் தேவையில்லை, ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு என்று தெரிந்தால் போதும். விகிதத்தில் நல்ல பெரிய வித்தியாசங்களை விலையும் தேவையுமே கொண்டுவந்துவிடும்; வலியின் மதிப்பீட்டில் கொஞ்சம் பிசகினாலும் மேல் வரிசைப் பொருள் கீழே விழுந்துவிடாது.

வரிசை கிடைத்த பிறகு மேலிருந்து ஐந்தில் ஒரு பங்கை ஒரு வகுப்பாகவும், அடுத்த மூன்றில் ஒரு பங்கை இன்னொன்றாகவும், மீதியைக் கடைசி வகுப்பாகவும் வெட்டிக்கொள்ளலாம். இந்த வெட்டும் இடங்களுக்குப் புனிதம் எதுவும் இல்லை. மேல் வகுப்புக்கு 99.5, நடுவுக்கு 97, கடைசிக்கு 90 என்று தொடங்கி, மொத்த ஃபில் ரேட் நீங்கள் விரும்பும் இடத்துக்கு வரும் வரை மூன்றையும் சேர்த்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். கணினியில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனி சர்வீஸ் லெவலே போட முடிந்தால் வகுப்பே வேண்டாம், அது இன்னும் சிக்கனம். ஆனால் மூன்று வகுப்பு என்றால் ஸ்டோர்ஸில் இருக்கும் எல்லோருக்கும் புரியும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியும். நான் அதற்காகவே மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். பழைய ஆண்டு மதிப்பு ஏபிசியையும் தூக்கிப் போட வேண்டாம். எண்ணிப் பார்ப்பதற்கும் விலை பேசுவதற்கும் ஆர்டர் இடைவெளிக்கும் அது அப்படியே இருக்கட்டும். இரண்டு பட்டியலுக்கும் ஒரே எழுத்துகளை மட்டும் வைத்துவிடாதீர்கள், ஆள் குழம்பிவிடுவார்கள். இரண்டாவதற்கு 1, 2, 3 என்று வையுங்கள்.

இந்தச் சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. பொருள் இல்லாதபோது கேட்டவர் காத்திருப்பார், நஷ்டம் எத்தனை எண்ணிக்கை குறைந்தது என்பதைப் பொறுத்தது என்ற எண்ணத்தில் எழுந்தது அது. எத்தனை நாள் காத்திருந்தார் என்பதைப் பொறுத்து நஷ்டம் ஏறினால், அல்லது காத்திராமல் வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்றால், கணக்கு மாறும். காலாவதியாகும் பொருளுக்கும், இயந்திரம் மாறினால் பயனில்லாமல் போகும் பொருளுக்கும் வைத்திருக்கும் செலவு 20 சதவீதத்தில் நிற்காது. பாதுகாப்புச் சாதனங்களின் பாகங்களை எந்த விகிதத்திலும் போடாதீர்கள். அவை இருந்தே ஆக வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று, இதை உண்மையில் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சேஃப்டி ஸ்டாக் கணக்கில் தேவையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறீர்களா, லீட் டைமின் ஏற்ற இறக்கத்தையும் எடுத்திருக்கிறீர்களா? தினசரித் தேவை 10, அதன் திட்ட விலக்கம் 4, லீட் டைம் 30 நாள் என்றால், லீட் டைமில் திட்ட விலக்கம் சுமார் 22. சப்ளையர் 30 நாள் என்று சொல்லிவிட்டு முன்னே பின்னே 10 நாள் திட்ட விலக்கத்தோடு வந்தால், அதே எண் 102 ஆகிவிடுகிறது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதை எந்த வகைப்படுத்தலும் சரி செய்யாது. சப்ளையரிடம் பேசித்தான் சரி செய்ய முடியும்.

அதனால் புதிய பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். போன வருடம் "இல்லை" என்று பதில் போன சம்பவங்களில் ஒரு நூறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரில் காரணம் எழுதுங்கள்: ரீஆர்டர் லெவலைத் தொட்டும் நாம் ஆர்டர் போடத் தாமதித்தோமா, ஆர்டர் போட்டும் சப்ளையர் தாமதித்தாரா, இரண்டும் சரியாக இருந்தும் தேவை எதிர்பாராமல் ஏறியதா. நான் முதன்முதலில் இப்படி எழுதிப் பார்த்தபோது மூன்றாவது காரணம்தான் மிகக் குறைவாக இருந்தது; அந்தப் பென்சில் எழுத்து சீல்கூட முதல் காரணத்தில்தான் வந்தது. வகைப்படுத்தல் கைகொடுப்பது அந்த மூன்றாவது காரணத்துக்கு மட்டும்தான். உங்கள் நூறில் அது எத்தனை என்று தெரிந்ததும், உங்கள் மேல் வரிசை இருபது ஐட்டங்களின் தேவை, விலை, ஆர்டர் அளவு, லீட் டைம் நான்கையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இருபதுக்கும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.